சமையற்கட்டும் மெஸ்ஸும் நமக்கு இரு கண்கள்



"இப்போதெல்லாம் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? எல்லாரும் வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மளிகை வியாபாரம் எப்படி நடக்கும்?" எந்தக் கடைவீதிக்குப் போனாலும் இந்தப் புலம்பல் காதில் விழுகிறது. இதில் பாதி உண்மை. பாதி நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

ஒரு குடும்பம் வீட்டில் சமைத்தாலும் நம் அரிசிதான் வேகிறது. அதே குடும்பம் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பிட்டாலும் நம் அரிசிதான் வேகிறது. ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் சமைத்து, சரக்கை ஆலையிலிருந்து நேரே எடுத்து, பார்சலாகவும் பாக்கெட்டாகவும் வீடு தேடி அனுப்புகிறார்களே, அங்கேதான் நம் பங்கு அடிபடுகிறது. ஆகவே வீட்டுச் சமையலையும் தெருமுனை மெஸ்ஸையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நினைப்பது தப்புக் கணக்கு. இரண்டும் தழைத்தால்தான் நம் கல்லாப்பெட்டி நிறையும்.

சமைத்துப் பார்ப்பவரே நல்ல வாடிக்கையாளர்

மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. தலைப்பே ஒரு அழைப்பு. தெரிந்ததையே திரும்பச் செய்பவர் மாதா மாதம் ஒரே லிஸ்டைக் கொண்டு வருவார். புதிதாகச் செய்து பார்ப்பவர் லிஸ்டில்தான் ஒரு வரி கூடும். 2020 ஊரடங்கின்போது இதைக் கண்ணால் பார்த்தோம். ஓட்டல்கள் அடைத்துக் கிடக்க, வீடுகளில் பரோட்டா தட்டினார்கள், கேக் சுட்டார்கள். மைதாவும் டால்டாவும் பேக்கிங் பவுடரும் எப்படிப் போயின என்பது உங்களுக்கே தெரியும்.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அன்று தொடங்கி சாமை, வரகு, தினை, குதிரைவாலி என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் என்ன? "அரைக்கிலோ பாக்கெட்தான் இருக்கிறது." வீட்டில் பிள்ளைகள் தின்பார்களோ மாட்டார்களோ என்று தெரியாத ஒரு சாமானுக்கு அவர் எதற்கு அரைக்கிலோ வாங்க வேண்டும்? 200 கிராம் கேட்பவருக்கு 200 கிராம் நிறுத்துக் கொடுங்கள். "இட்லி அரிசியில் பாதியைக் குறைத்துச் சாமை போட்டுப் பாருங்கள், சாதமாக வடிப்பதென்றால் ஒரு தம்ளருக்கு இரண்டு, இரண்டரைத் தம்ளர் தண்ணீர்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிப் பையன் இதைச் சொல்ல மாட்டான்.

சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் நேரமாகும், சிந்திச் சிதறும் என்பது நியாயமே. ஆனால் அந்த 200 கிராமில் வரும் லாபத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த மாதம் அவர் கேட்கப்போகும் இரண்டு கிலோவைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தால் அந்த வரி இல்லை. தராசுதான் நம் பலம். அதை நாமே மூலையில் போடலாமா?

சின்ன அடுப்பில் செய்து பார்த்ததுதான் பிறகு ஊர்ப் பெயரோடு சேர்ந்து பெரிய வியாபாரமாகிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை, வெல்லம், அரிசி மாவு, எள் எல்லாம் நம் கடைச் சரக்குதானே!

ஒரு மெஸ்ஸின் கணக்கு

இனி மெஸ்ஸுக்கு வருவோம். நாலு பெஞ்சு, ஒரு அடுப்படி, கணவன் பரிமாற மனைவி சமைக்கும் சின்ன இடம். மதியம் 60 சாப்பாடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 150 கிராம் அரிசி என்றால் ஒரு நாளைக்கு 9 கிலோ. மாதம் 26 நாளுக்கு 234 கிலோ. அதாவது 26 கிலோ சிப்பம் ஒன்பது. மாதம் ஒரு சிப்பம் வாங்கும் குடும்பங்கள் ஒன்பதுக்கு இந்த ஒரு மெஸ் சமம். தலைக்கு 30 கிராம் பருப்பு என்றால் மாதம் 47 கிலோ. 20 மில்லி எண்ணெய் என்றால் 31 லிட்டர். ஏறக்குறைய இரண்டு டின். மிளகாய், மல்லி, புளி, அப்பளம் தனி.

இப்படிப்பட்ட வாடிக்கையாளரை நாம் எப்படி நடத்துகிறோம்? பெரிய ஓட்டல் முதலாளி வந்தால் நாற்காலி போடுகிறோம். மெஸ்காரர் வந்தால் "பழைய பாக்கி என்னாச்சு?" என்பதே முதல் வார்த்தை. வண்டு விழுந்த பருப்பையும், தேங்கிப்போன மிளகாய்த் தூளையும் "ஓட்டலுக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று தள்ளிவிடும் கடைகளும் உண்டு. அந்தப் பருப்பு யார் இலையில் விழுகிறது? நம் கடைப் பையன் இலையில், நம் மூட்டையைத் தூக்குகிற தொழிலாளி இலையில். சில நாள் நம் இலையிலும் விழுகிறது!

மெஸ்காரர் நிலைமையையும் பார்க்க வேண்டும். அவர் எரிப்பது 19 கிலோ வணிக சிலிண்டர். அதன் விலை ஏறினால் சாப்பாட்டு விலையை அவரால் உடனே ஏற்ற முடியாது. ஐந்து ரூபாய் கூட்டினாலும் தினம் வருகிறவர் முகம் மாறும். பார்சல் கம்பெனியில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுக்க அரசுப் பணம் கை கொடுத்தது. மெஸ்காரருக்குக் கை கொடுக்க யார் இருக்கிறார்கள்?

நல்ல சாப்பாடு எங்கே?

"இந்த ஊரில் குறைந்த விலையில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று வெளியூரார் கேட்டால் சரியான பதில் சொல்லக்கூடியவர் மளிகைக் கடைக்காரர்தான். எந்த மெஸ் முதல் ரகப் பருப்பு கேட்கிறது, எது மட்டமான எண்ணெயைத் தேடுகிறது, யார் மிளகாயும் மல்லியும் வாங்கி வறுத்து அரைக்கிறார், யார் கலர் பொடி கேட்கிறார் என்பதெல்லாம் நம் பற்று வரவில் இருக்கிறது. போர்டையும் விளக்கையும் பார்த்து ஏமாறாதவர் நாம் ஒருவர்தான்.

அந்த அறிவை ஏன் பூட்டி வைக்கிறோம்? சரக்கெடுக்க வரும் வெளியூர் வியாபாரியை ஏ.சி. ஓட்டலுக்கு அழைத்துப் போவதைக் கௌரவம் என்று நினைக்கிறோம். விருதுநகருக்கு வந்தவர் எண்ணெய்ப் பரோட்டாவையும், மதுரைக்கு வந்தவர் கறி தோசையையும், திண்டுக்கல்லுக்கு வந்தவர் சீரக சம்பா பிரியாணியையும் சாப்பிட்டுப் போனால்தானே ஊர் நினைவில் நிற்கும்? மூட்டை தூக்குவோரும் லாரி டிரைவர்களும் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ, எங்கே இரண்டரை மணிக்கு "சாதம் ஆச்சு" என்று சொல்லிவிடுகிறார்களோ, அங்கே அழைத்துப் போங்கள்.

செய்ய வேண்டியவை

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கடைச் சிப்பந்திகளின் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் மாத டோக்கன் ஏற்பாடு செய்யலாம். பிற்பகல் நாலு மணிக்கு பன்னும் டீயுமாகப் பசியை அடக்கும் முதலாளிகளும் அதே டோக்கனில் ஒரு மணிக்கு உட்காரலாம். மெஸ்காரர் கணக்கை வாரக் கணக்காக்கினால் பாக்கி மலையாகக் குவியாது. கடன் என்பதற்காக விலையைக் கூட்டிப் போடவும் வேண்டியதில்லை. மெஸ் நடத்துவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கடைக்காரரும் மண்டிக்குத் தேதி சொல்லித்தான் சரக்கெடுக்கிறார். சொன்ன நாளில் கொடுப்பவருக்கு நல்ல சரக்கு தானாக வரும்.

ஒரு தெருவில் ஒரு மெஸ் மூடினால் நமக்கு ஒன்பது சிப்பம் போகிறது. சமைத்துப் பார்க்க வந்த ஒரு பெண்மணி "இல்லை" என்ற பதிலோடு திரும்பினால் அடுத்த முறை அவர் கை செல்போனுக்குத்தான் போகும். இந்த இரண்டு வாசலையும் திறந்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலை கடை திறந்ததும் தராசைத் துடைத்து முன்னால் வையுங்கள். மதியம் பக்கத்து மெஸ்ஸுக்குப் போய், நாம் கொடுத்த பருப்பில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று சாப்பிட்டுப் பாருங்கள்.