டெலீட் ஆன டேட்டாபேஸ்: பேக்கப் இருந்தால் மட்டும் போதுமா?

2017 ஜனவரி 31. புரோகிராமர்கள் கோடு சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், ஊழியர் ஒருவர் சர்வர் மாறி டெலீட் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

பேக்கப் இல்லையா? இருந்தது, பேருக்கு. வெர்ஷன் பொருந்தாததால் தினசரி பேக்கப் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, டெஸ்டிங்குக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல். கோடு தப்பியது. ஆனால், அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான கமென்ட்களும் புதிய கணக்குகளும் போனது போனதுதான்.

இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் 'பாயின்ட் இன் டைம் ரெகவரி'. முதலில் ஒரு முழு நகல். அதன்பின் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், வங்கி பாஸ்புக் மாதிரி, லாக்கில் வரிசையாகப் பதிவாகும். நகலை ஏற்றி, லாக்கை மறுபடி ஓட்டி, தவறு நடந்த நொடிக்குச் சற்று முன்பு நிறுத்திவிடலாம்.

ரெப்ளிகா சர்வர் இருக்கிறதே என்கிறீர்களா? டேபிளைத் தவறுதலாக அழித்தால், அடுத்த நொடியே ரெப்ளிகாவிலும் அது அழிந்துவிடும். நகலும் லாக்கும் தனி இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தோம் என்று உங்கள் டீமில் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.