பழுதுபார்க்க முடியாத வீடு

மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால், மின்சாரம் பற்றி ஒன்றும் படிக்காதவர்கூட நம்மூரில் காரணம் சொல்லிவிடுவார்: “கண்டன்சர் போயிருக்கும்.” பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட அந்தச் சின்ன டப்பி எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் விசிறி பழையபடி ஓடும். காயிலே எரிந்துபோனாலும் கதை முடியாது. காயில் கட்டித்தர பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பார். அதற்கும் மனமில்லை என்றால், உள்ளே இருக்கும் செம்புக்காகவே காயலான் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார்.

ஒரு விசிறியின் வாழ்நாளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆள் காத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. வீட்டுச் சிக்கனம் என்று நாம் புகழ்வது குடும்பத்தை நடத்தும் பெண்ணின் கைத்திறன் மட்டுமல்ல. கண்டன்சர் விற்பவரும் காயில் கட்டுபவரும் எடைக்கு எடுப்பவரும் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தச் சிக்கனம் நடந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொருளின் அருமை தெரியவில்லை, எதற்கெடுத்தாலும் புதிது கேட்கிறார்கள் என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறோம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அருமை தெரிந்தவர்களும் தூக்கிப்போடத்தான் வேண்டியிருக்கிறது. பொருளைத் திறக்கவே முடியாதபடி செய்து விற்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பண்டமாற்றிலிருந்து தொடங்கலாம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் வந்த வியாபாரம் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. பாத்திரக்கூடையோடு வரும் பெண் வாசலில் உட்கார்ந்து துணியைப் பார்க்கும் விதமே ஒரு பாடம். பேன்ட் என்றால் முட்டியையும் ஜிப்பையும் இழுத்துப் பார்ப்பார். சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூல் இற்றிருக்கிறதா என்று பார்ப்பார். “சாயம் போனது வேணாம்மா, கிழிசல் இல்லாததா எடுத்துட்டு வாங்க” என்பார். உள்ளே இருப்பவர், “ரெண்டு பட்டுச் சட்டை வெச்சிருக்கேன், டப்பாவுக்கு மூடியும் சேத்துக் கொடு” என்று இழுப்பார். அரை மணி நேரம் நடக்கும் இந்தப் பேரத்தில் இருவருக்கும் தெரிந்த ஓர் உண்மை உண்டு: அந்தத் துணியை இன்னொருவர் உடுத்தப்போகிறார். அதனால்தான் முட்டிக்கும் ஜிப்புக்கும் அத்தனை சோதனை.

இன்று பெரிய கடைகள் நடத்தும் ‘எக்ஸ்சேஞ்ச்’ சலுகையும் இதன் சாயலில்தான் இருக்கிறது. பழைய குக்கரைக் கொடு, பழைய டிவியைக் கொடு, இவ்வளவு தள்ளுபடி என்பார்கள். ஆனால், அந்தப் பழைய பொருள் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது பல நேரங்களில் கடைக்குப் பொருட்டே இல்லை. இரண்டுக்கும் ஒரே தள்ளுபடி என்றால், பழையதன் மதிப்பு என்று ஒன்று அங்கே கணக்கில் வரவில்லை; புதியதன் விலையிலேயே அது முன்கூட்டிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓடும் பொருளும் ஓடாத பொருளும் ஒரே வண்டியில் ஏறிப் போகின்றன. பாத்திரக்காரப் பெண்ணின் மாற்று ஒரு பொருளின் ஆயுளை நீட்டியது. கடையின் மாற்று அதை முடித்துவைக்கிறது.

பழுதுபார்க்கும் தொழில் எது மறைந்தாலும் அது இழப்பு என்று சொல்ல மாட்டேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவில் வந்து அடுப்பு மூட்டிய காலம் போய்விட்டது. போனதற்குக் காரணம், அவர் செய்த வேலை தேவைப்படாத பாத்திரம் வந்தது. எவர்சில்வர் தேய்வதில்லை, ஈயம் கேட்பதில்லை. யார் வாங்கிக் கொடுத்தது என்று பேர் வெட்டிய அண்டாவும் குடமும் மூன்று தலைமுறையாகப் பரணில் இருக்கின்றன; வேண்டாதபோது பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு வேறு வாங்க முடிகிறது. ஈயம் பூசுகிறவருக்கு மாற்று வாழ்வு தேட யாரும் உதவவில்லை என்பது வேறு துயரம். ஆனால், வீட்டுக்கு அந்த மாற்றம் நல்லதே. பழுதே ஆகாத பொருள் வந்து ஒரு தொழில் மறைவது ஒன்று. பழுதானால் யாரும் கைவைக்க முடியாத பொருள் வந்து மறைவது முற்றிலும் வேறு. நம் வீடுகளில் இப்போது நடப்பது இரண்டாவது.

மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். ஜாரின் அடியில் சட்னித் தண்ணீர் கசிகிறது என்று கொண்டுபோனால், தெருமுனை மெக்கானிக் ஜாரைக் கவிழ்த்து பிளேடைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கப்ளரைக் கழற்றி, பிளேடை உருவி, தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து இறக்குவார். வாஷர் மாற்றுவார். மழுங்கிய பிளேடைச் சாணை பிடிப்பார். பிறகு ஜாரில் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் சற்று நேரம் வைப்பார். தாள் நனையவில்லை என்றால்தான் காசு கேட்பார். மிக்ஸி ஓடாமல் நின்றுவிட்டது என்று பதறிப்போய்க் கொண்டுவருபவரிடம், அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டி, “மாவு கெட்டியா இருந்திருக்கும்க்கா, ட்ரிப் ஆயிருக்கு, அவ்வளவுதான்” என்று காசு வாங்காமல் அனுப்புகிறவரும் அவர்தான். புதியது விற்பவர் சொல்லத் தேவையில்லாத இந்த உண்மையைச் சொல்ல ஒருவர் தெருவில் இருப்பது, ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கில் எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

இப்போது அதே வீட்டுக்கு வரும் புதிய சாதனங்களைப் பார்ப்போம். பிஎல்டிசி என்னும் மின்சிக்கன விசிறி நல்ல கண்டுபிடிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாதாரண விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும்; இது 30 வாட்டை ஒட்டி நிற்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கே சுமார் 30 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமானதும் நல்ல முடிவுதான். ஆனால், இந்த விசிறிக்குள் கண்டன்சரை மாற்றிக்கொள்ளும் எளிமை இல்லை. மின்னணு போர்டு ஒன்று இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. பல மாடல்களில் மேலே பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். தெருமுனை மெக்கானிக் ஆசையோடு திறந்து பார்த்தாலும் வரைபடம் இல்லை, உதிரி இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் சர்வீஸ் சென்டரை அழைத்தால், வந்து பார்ப்பதற்கு ஒரு கட்டணம், “போர்டு மாத்தணும்” என்ற பதில், அதற்கொரு விலை. கூட்டினால் புதிய விசிறி வாங்கிவிடலாம் போலிருக்கும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்த காசு போர்டில் போகிறது.

இதற்கு மின்சிக்கன விசிறி வேண்டாம் என்பது தீர்வல்ல. மின்சாரத்தை அளந்து நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த அரசுக்கு, பழுதுபார்க்கும் எளிமையையும் அளந்து மதிப்பெண் ஒட்ட முடியும். பிரான்ஸ் 2021-இல் கைபேசி, மடிக்கணினி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று அப்படித்தான் ஒட்டவைக்கத் தொடங்கியது. கழற்றுவது எளிதா, உதிரி கிடைக்குமா, என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடக்கம். கடையில் இரண்டு பொருளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதே வாங்குபவருக்கு விவரம் தெரிந்துவிடும்.

பழுதுபார்க்கும் கை இல்லாவிட்டால் பழைய பொருள் சந்தையும் நிற்காது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கட்டில், மேசை, தையல் இயந்திரம், விசிறி, கதவு, சைக்கிள் என்று பரப்பிவைத்திருப்பதைப் பார்த்தால், எது விலைபோகிறது என்பது சீக்கிரமே விளங்கும். இறக்கையைக் கையால் சுழற்றி பேரிங் சத்தம் கேட்டு வாங்கக்கூடிய விசிறி விலைபோகும். மரக்கட்டில் விலைபோகும், ஆசாரி ஒருவர் கால் மாற்றிவிடுவார். தையல் இயந்திரம் எத்தனை பழசானாலும் விலைபோகும். அழுத்திச் செய்த மரத்தூள் பலகை அலமாரியில் ஒருமுறை தண்ணீர் பட்டு ஊறிவிட்டால் அதை இலவசமாகக் கொடுத்தாலும் சுமந்துபோக ஆள் கிடைப்பது கடினம். ஒரு பொருளைப் புதியதாக வாங்கும்போதே அதன் மறுவிற்பனை மதிப்பும் தீர்மானமாகிவிடுகிறது. ஆனால், விலைச்சீட்டில் அது எழுதப்படுவதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே தொட்டிலும் மூன்று சக்கர சைக்கிளும் வீடுவிட்டு வீடு மாறுவது நல்ல பழக்கம், வளரட்டும். அங்கே எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. விற்கவும் முடியாத, சரிசெய்யவும் முடியாத பொருள் கடைசியில் வீட்டுவேலை செய்யும் பெண்ணிடம் “நீ எடுத்துக்கோம்மா” என்று போய்ச் சேர்கிறது. பழைய ஃப்ரிட்ஜ் அப்படித்தான் போகிறது. கேஸ்கட் இறுகாமல், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி மின்சாரத்தைக் குடிக்கிறது. கொடுத்தவருக்கு இடம் மிச்சம். வாங்கியவருக்கு மின்கட்டணமும் ரிப்பேர் செலவும். கொடுக்க மனமிருப்பவர்கள் கேஸ்கட்டை மாற்றி, ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்கட்டும். கொடையில் அந்தச் செலவும் சேர்ந்ததுதான்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஆராயக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. இவை நல்ல அடிகள். ஆனால், கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் தகவலைத் திரட்டிவைப்பதால் மெக்கானிக்கின் கைக்கு உதிரி வந்துவிடாது. வெளிச்சந்தையில் உதிரியை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும்.

வரியும் எதிர்த்திசையில்தான் இழுக்கிறது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. சர்வீஸ் சென்டர் ரசீதில் பழுதுபார்ப்புக்கான 18 விழுக்காடு அப்படியே நிற்கிறது. புதியதற்கும் பழையதைக் காப்பாற்றுவதற்கும் ஒரே வரி என்றால் அரசு எதை ஊக்குவிக்கிறது? ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத மெக்கானிக் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால், பேரிங்கையும் செம்புக் கம்பியையும் அவர் வரி கொடுத்தே வாங்குகிறார். அதைத் திரும்பப் பெற அவருக்கு வழியில்லை. ஆஸ்திரியா 2022-இல் மின்சாதனப் பழுதுபார்ப்புச் செலவில் பாதியை, 200 யூரோ வரை, மக்களுக்கு அரசே கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம்மால் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், பழுதுபார்ப்புக்கும் உதிரிகளுக்கும் வரியை 5 விழுக்காடாக்குவது எட்டாத காரியமல்ல.

2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைச் சாதனங்களைத் தம் கீழ் கொண்டுவந்து, உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கின்றன. அவற்றில் பொருளைப் புதுப்பித்துத் தருபவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால், பதிவுபெற்ற நிறுவனங்களுக்குத்தான். வாழ்நாள் முழுக்கக் கழிவு உருவாகாமல் தடுத்த தெருமுனை மெக்கானிக் அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அவருக்குத் துணை நிற்கக்கூடிய வேறொரு சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவர்களை மட்டுமல்ல, தெருவில் சேவை செய்பவர்களையும் காக்கிறது. குடை ரிப்பேர், பை ஜிப் மாற்றுதல், செருப்புத் தையல், ஸ்டவ் ரிப்பேர் எல்லாம் அதில் அடங்கும். ஆனால், சாலை அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது இவர்களின் பெட்டிதான். அந்தச் சட்டப்படி அமையும் நகர வியாபாரக் குழுக்கள் ஒவ்வொரு வார்டிலும் பழுதுபார்ப்பவர்களுக்கு என்று சில அடி இடம் ஒதுக்கினால் போதும். அந்த வார்டின் குப்பை லாரியிலேயே வித்தியாசம் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களுக்கு இல்லாத ஒரு வலிமை உண்டு. 2006-இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், விசிறித் திட்டமும் இந்த அரசை வீட்டுச் சாதனங்களை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாக நிறுத்தின. அந்தத் திட்டங்கள் பெண்களின் உழைப்பைக் குறைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால், அன்று வீடுவீடாகப் போன கண்ணாடிக் குழாய் டிவிகள் காயலான் கடைகளில் உடைபட்டபோது, அந்தக் கண்ணாடியில் இருந்த காரீயம் எங்கே போனது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. இனி அரசு எந்தச் சாதனத்தை மொத்தமாக வாங்கினாலும், அது மடிக்கணினியோ விசிறியோ, ஒப்பந்தப்புள்ளியிலேயே சில வரிகள் சேர்க்கலாம். பத்தாண்டுகளுக்கு உதிரி பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். மின்சுற்று வரைபடம் தமிழில் பொதுவில் இருக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடிய வேண்டும். போர்டின் மேல் பிசின் ஊற்றக் கூடாது. லட்சக்கணக்கில் ஆர்டர் தரும் வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனியும் தட்டாது. ஒருமுறை அப்படி வடிவமைத்த மாடல் கடைக்கும் வரும். அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுத்தர ஐடிஐக்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. மாலை நேரத்தில், ஏற்கெனவே கடை வைத்திருக்கும் நாற்பது, ஐம்பது வயது மெக்கானிக்குகளுக்கு, சான்றிதழ் கேட்காமல், மூன்று மாதம் போர்டு சர்வீஸ் கற்றுத்தரும் வகுப்பை அங்கேயே அடுத்த கல்வியாண்டில் தொடங்கலாம்.