சட்டைப்பையில் ஒரு சூரியன்

நான் படித்த இயேசு சபைப் பள்ளி சின்னத்தை மாற்றப்போகிறதாம். புது வடிவம் வாட்ஸ்அப்பில் வந்தது: நீல வட்டம், உள்ளே ஆங்கில முதலெழுத்து, அவ்வளவுதான். பழையதில் கதிர்வீசும் சூரியன், நடுவே ஐ.ஹெச்.எஸ். கிரேக்க மொழியில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அவை. கீழே சிலுவையின் மூன்று ஆணிகள். ஆறாம் வகுப்பில், மஞ்சள் நூலால் அதைச் சட்டைப்பையில் வைத்துத் தைத்த அம்மா, "இதென்னடா, ஆணி?" என்றார். மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டுவந்து சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். போப் பிரான்சிஸ் 2013இல் தம் இலச்சினையில் வைத்ததும் இதே சூரியனைத்தான். கைப்பேசித் திரைக்காகக் கோடுகளைக் குறையுங்கள், தவறில்லை. அந்தச் சூரியனையும் மூன்று ஆணிகளையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.