பிள்ளை பெற்றவளுக்குக் கூலி எங்கே?

நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகும் பெண்களை நமது வாசகர்கள் அறிவார்கள். வேடசந்தூர் சாலையில் இரவு ஷிப்டு முடிந்து மில் வேனில் தூங்கி வழிந்தபடி திரும்பும் பெண்களையும் அறிவார்கள். இந்தப் பெண்களுக்கு இடுப்பு வலி கண்டால் இன்று எங்கே போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இருட்டறையில், மருத்துவச்சியின் அரிவாளை நம்பிக் கிடந்த நிலை போய்விட்டது. 2018-20 கணக்குப்படி, லட்சம் பிரசவத்துக்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54 பேர்.

இந்த மாறுதல் தானாக வந்ததல்ல. வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களின் கால்கள் இதைக் கொண்டு வந்தன. நமது ஜில்லாவில் இதற்கு ஒரு தனி வரலாறே உண்டு. 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் அம்மையார் பெரிய முதலாளி வீட்டில் பிறந்தவர். இளம் வயதில் விதவையானவர். டில்லியில் டாக்டருக்குப் படித்து, ஏழைப் பெண்களின் பிரசவத்துக்காக இந்த வறண்ட கிராமங்களுக்கு வந்தார். அங்கே தோன்றிய சிறு தாய்சேய் விடுதிதான் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அம்மையார் காங்கிரஸ்காரர், 1962-ல் திண்டுக்கல்லின் பார்லிமெண்டு உறுப்பினரானவர். அரசியலில் அவர் வழி வேறு, நமது வழி வேறு. ஆனால் நல்ல காரியத்தை யார் செய்தாலும் நல்ல காரியம் என்று சொல்ல நாம் தயங்கியதில்லை. 2022 ஜனவரி 12-ல் திண்டுக்கல்லில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இதையும் வரவேற்கிறோம்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து விட்டது, சரி. தாய் வீடு திரும்பிய நாள் முதல் அந்த வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரிவது? நாம் கேட்பது இதைத்தான்.

ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் மூன்று பெண்கள் படுத்திருப்பதாக வைத்துக் கொள்வோம். முதல் பெண் சர்க்கார் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலை முதல் அவருக்கு 12 மாதம் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டாவது பெண் ஒரு பஞ்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. 1961-ம் ஆண்டுச் சட்டம் அவருக்கு 12 வாரம் தந்தது. 2017-ல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இருக்கிறது. மூன்றாவது பெண் களை எடுப்பவர், நாற்று நடுபவர், பூப் பறிப்பவர். அவருக்குக் கூலியோடு ஒரு நாள் லீவுகூட எந்தச் சட்டத்திலும் கிடையாது! மூன்று பேரும் பட்ட வலி ஒன்றுதானே?

முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய அந்த உதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் 4,000 ரூபாய் சத்துணவுப் பெட்டகமாகப் போக, ரொக்கம் 14,000. அதுவும் தவணை தவணையாக, இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 26 வாரம் என்பது 182 நாள். 14,000-ஐ 182-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 77 ரூபாய்! சர்க்கார் தானே நிர்ணயித்த விவசாயக் குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில்கூட இது வராது. மத்திய சர்க்காரின் கதை இன்னும் மோசம். 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், சம்பளத்தோடு லீவு பெறாத ஒவ்வொரு தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2017-ல் திட்டம் வந்தபோது அது 5,000 ஆயிற்று, முதல் பிள்ளைக்கு மட்டும் என்றும் ஆயிற்று. இரண்டாவது பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் உண்டு என்று பிறகு சேர்த்தார்கள். சட்டம் ஒன்று சொல்ல, சர்க்கார் வேறொன்று செய்கிறது.

விளைவு என்ன? தையல் ஆறுமுன் களை எடுக்கப் போகிறாள் தாய். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன் பிரசவம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. வயிற்றைக் கீறித் தைத்த உடம்போடு, ரத்தமில்லாத உடம்போடு, வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டுக் குனிந்து வேலை செய்பவளின் நிலையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஓய்வை வாங்க அவளிடம் காசு இல்லை.

இதே ஜில்லாவின் மலையில் பெரிய காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவகாலக் கூலி சட்டப்படி உண்டு. மலையடிவாரத்துச் சமவெளியில் அதே மண்ணைக் கொத்தும் பெண்ணுக்கு இல்லை. மேலே உள்ள மண் ஒன்று, கீழே உள்ள மண் வேறா?

மில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ள மில்லில் பிரசவகாலக் கூலியை ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் தருகிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளி கூலியில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கப்படுகிறது. முதலாளி மூன்றே கால் ரூபாய் கட்ட வேண்டும். அப்படியிருந்தும் வயிறு தெரிந்ததும் "நாளை முதல் வரவேண்டாம்" என்பது ஏன்? ஆள் திரும்பி வரும்வரை வேலையை வைத்திருக்க வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும், பாலூட்ட நேரம் விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதிலிருந்து தப்பவே பல முதலாளிகள் கலியாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் பிடித்து, விடுதியில் அடைத்து, அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று மங்கலமான பெயரும் சூட்டினார்கள். கலியாணமாகி, கர்ப்பமாகும் முன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டால் சட்டத்தின் தொல்லை இல்லையல்லவா?

ஆஸ்பத்திரிக்குள்ளும் குறை உண்டு. 2011 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். இருந்தும் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லவே காசு கேட்பதும், ஆணுக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட் என்பதும் பல ஊர்களில் ஏழைகள் அனுபவித்த கொடுமை. இதைக் கண்டிக்கிறோம். அதே நேரத்தில், கை நீட்டும் ஊழியர் பல இடங்களில் அற்பக் கூலிக்குக் காண்ட்ராக்டில் உழைப்பவர் என்பதையும் மறக்கவில்லை. அவருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கேட்பதும் நமது கடமையே.

பிரசவகாலக் கூலி என்பது யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல. 1917 புரட்சி நடந்த சில வாரங்களிலேயே சோவியத் ஆட்சி பிரசவத்துக்கு முன் 8 வாரம், பின் 8 வாரம் என்று பெண் தொழிலாளிக்கு உரிமை தந்தது. 1928-ல் பம்பாய் சட்டசபைக்கு இந்த மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார், மறுவருஷம் சட்டமாயிற்று. சென்னை ராஜதானியில் 1934-ல் வந்தது. ஆலைக்கு வந்த சட்டம் அன்று வரப்பைத் தாண்டவில்லை, இன்றும் தாண்டவில்லை.

நாம் கோருவது இதுதான்: விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு 26 வாரம், சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கணக்கில், பிரசவகாலக் கூலி வேண்டும். கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்தும் மில் முதலாளிமீது வழக்கு வேண்டும். காண்ட்ராக்ட் பெண் உட்பட ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. நம்பர் வேண்டும். ஆஸ்பத்திரியில் காலி இடங்களை நிரப்ப வேண்டும்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது சங்கங்களின் கோரிக்கை நோட்டீசில் போனஸ் முதல் வரியில் இருக்கிறது. பிரசவகாலக் கூலி கடைசி வரியில் இருக்கிறது, சில சமயம் அதுவும் இல்லை. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதைத்தான். இந்தத் தவறு நம்முடையது; திருத்திக் கொள்வோம். கிளைத் தோழர்கள் தங்கள் தெருவில் கர்ப்பிணியான ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி நம்பர் பதிவாகியிருக்கிறதா, தவணை வந்ததா என்று பார்க்கட்டும். மில் தோழர்கள் பக்கத்து மிஷினில் நிற்கும் பெண் நிறுத்தப்பட்டால் அன்றே கேட் முன் கூடிக் கேட்கட்டும். அடுத்த நோட்டீசில் இந்தக் கோரிக்கை முதல் வரியில் வரட்டும்!