எழுந்து நிற்க என்ன விலை?

காலில் உணர்வே இல்லாதவர் எழுந்து நடக்கிறார். மந்திரம் அல்ல, எந்திரம்!

இடுப்பிலும் கால்களிலும் மாட்டிக்கொள்ளும் சட்டம் அது. மூட்டுகளில் மோட்டார்கள் உண்டு. உடம்பை முன்னால் சாய்த்தால், மோட்டார் காலைத் தூக்கி வைக்கும்.

இஸ்ரேல் நாட்டு என்ஜினீயர் அமித் கோபர் 1997-ல் விபத்தில் சிக்கி, கை கால் செயல் இழந்தார். அவர் உருவாக்கிய 'ரீவாக்' எந்திரத்தை வீட்டிலும் மாட்டிக்கொள்ள 2014-ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

விலை?

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு 2024-ல் நிர்ணயித்த தொகை சுமார் 91 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 75 லட்சம் ரூபாய்! அங்கே காப்பீடு கை கொடுக்கிறது. பாரம் தூக்கும் தொழிலாளிகளின் முதுகைக் காக்கவும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் எங்கே போகும்?

அடையாறை அடுத்துள்ள ஐ.ஐ.டி. வேறு வழி கண்டது. பேராசிரியை சுஜாதா சீனிவாசன் குழுவினர் உருவாக்கிய 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-ல் வெளிவந்தது. அதில் மோட்டார் இல்லை. உட்கார்ந்திருப்பவர் தம் கையாலேயே இயக்கி எழுந்து நிற்கலாம். அப்போது அறிவித்த விலை சுமார் 15 ஆயிரம் ரூபாய்.

இது நடக்க வைக்காது, நிற்க வைக்கும். அதுவே பெரிய உதவி. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் உடம்பில் புண் வரும், எலும்பு பலம் இழக்கும். நின்றால் ரத்தம் நன்றாக ஓடும். அலமாரியில் இருப்பதை யாரையும் கூப்பிடாமல் எடுக்கலாம்.

நடக்க வைக்கும் எந்திரத்தின் விலை ஒருநாள் இறங்கலாம். அதுவரை, எளிய வீட்டுக்கு எட்டுவது இந்த நாற்காலிதான்.