சுண்ணாம்பு நீரும் பவளத் தொட்டியும்



"மேனாடுகளில் கண்ணாடித் தொட்டியில் பவளங்களை வளர்க்கிறார்களாமே! தண்ணீரில் கடலுப்பைக் கரைத்துவிட்டால் போதாதா?" என்று வாசகர் ஒருவர் நம்மை வினவுகிறார். எளிய வினா, ஆயினும் விடை அத்துணை எளிதன்று.

பவளம் செடியுமன்று, வெறுங் கல்லுமன்று. சிற்றுயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. அவை நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்கெனச் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. பரந்த கடலில் இப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. தொட்டியிலோ கொத்தர் பலர். சுண்ணாம்போ ஒரே கூடை! சில நாள்களில் நீர் வறுமையுறுகிறது.

ஆகவே, வளர்ப்பவர் நீரை ஓயாது அளந்து பார்க்கிறார். ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, ஒரு லிட்டரில் 420 மில்லிகிராம் அளவில் கால்சியம், 1300 மில்லிகிராம் அளவில் மக்னீசியம், ஜெர்மன் அளவுமுறைப்படி 7 முதல் 11 பாகை வரை காரத்தன்மை ஆகியவை இருத்தல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுகிறது. எனவே, வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு மிகுந்துவிடும்.

குறைந்த சுண்ணாம்பை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று நம் பாட்டிமார் நன்கறிந்த பொருளே. வெற்றிலைக்கு இடும் நீற்றுச் சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளியவைத்தால் கிடைக்கும் தெளிநீர், கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே தருகிறது. ஆனால் அதைச் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும். மறந்ததை ஈடுசெய்யும் அவசரத்தில் ஒரே நாளில் கொட்டினால் நீர் கடுங்காரமாகிவிடும், சுண்ணாம்பும் வெண்பொடியாய் அடியில் படியும், பவளங்கள் மடியும். குறையைவிடக் கொடியது திடீர்த் திருத்தம்.

இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பயோஸ்பியர் 2 எனும் மூடிய கண்ணாடி மாளிகையில், 1991 முதல் 1993 வரை எண்மர் ஈராண்டுகள் வாழ்ந்தனர். அதனுள் சுமார் 26 இலட்சம் லிட்டர் நீர் கொண்ட செயற்கைக் கடலும், அதில் பவளங்களும் இருந்தன. குளிர்காலத்தில் வெயில் குறையவே, உள்ளே கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப்போல் பத்து மடங்கிற்கும் மேலாகப் பெருகிற்று. அவ்வாயு நீரில் கரைந்தால் அமிலமாகிறது. பவளத்திற்கு வேண்டிய கார்பனேட்டைக் குறைக்கிறது. அங்கிருந்தோர், நாம் ஆப்பச்சோடா என்றழைக்கும் சோடியம் பைகார்பனேட்டையும், சோடியம் கார்பனேட்டையும் நீரில் இட்டுப் பவளங்களைக் காத்தனர். பின்னர் அதே கடலில் கிறிஸ் லாங்டன் குழுவினர் ஆய்வு நடத்தி, நீரில் கார்பனேட் குறையக் குறையப் பவளம் கட்டும் வேகமும் குறைகிறது என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நாம் எரிக்கும் கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 என்றிருந்த கடற்பரப்பின் பி.எச். அளவு, இன்று 8.1 அளவிற்கு இறங்கியுள்ளது. சிறு எண்தானே என எண்ணற்க. அந்த அளவுகோலில் அது அமிலத்தன்மை கால் பங்குக்கும் மேல் உயர்ந்ததைக் குறிக்கும்.

தொட்டிக்கு ஒரு காவலர் உண்டு. காலையில் அளந்து, மாலையில் சொட்டுவிட்டு, தவற்றைத் திருத்துகிறார். மன்னார் வளைகுடாவிற்குச் சுண்ணாம்பு நீர் சொட்டுபவர் யார்? அங்குள்ள பவளத்தைப் பெயர்த்தெடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அதை வீட்டு அலமாரிக்கு விரும்பாதிருப்போமாக. ஆயினும், பெயர்க்காமல் விடுவது மட்டும் காவலாகாது. எரிப்பதைக் குறைப்பது ஒன்றே, அப்பெருந்தொட்டிக்கு நம் கையால் இடக்கூடிய சொட்டு மருந்து.