மகனா, சூரியனா?

போன வாரம் என் சின்னவன் டிக்டேஷன் நோட்டைத் தயங்கித் தயங்கி நீட்டினான். பத்துக்கு ஐந்து! மகனைக் குறிக்கும் 'ஸன்' என்ற வார்த்தைக்கு, சூரியனுக்கு எழுதுவதுபோல எஸ், யூ, என் என்று எழுதியிருந்தான். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன் என்ற ஆத்திரத்தில் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டேன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா கேக்குது!" என்று விம்மினான் குழந்தை.

மறுநாள் மாவு மிஷினுக்குக் கிளம்பிய என் கணவரிடம் ஒரு சீட்டு கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "மிளகாயை எதுக்கு அறையச் சொல்றே? அது என்ன தப்பு பண்ணிச்சு?" 'அரைத்து' என்பதற்கு 'அறைத்து' என்று எழுதியிருக்கிறேன்! தாய்மொழியிலேயே எனக்கு இந்தக் கதி என்றால், எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்வான்? மனசு சுருக்கென்றது.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் மகன் 'சுனு', சூரியன் 'சுன்னெ'. இரண்டிலும் யூதான்! கையால் ஏடு எழுதிய நாளில் யூ, என், எம் எல்லாம் குச்சி குச்சியாக நின்று கண்ணைக் குழப்பியதால், சில வார்த்தைகளில் யூவுக்குப் பதில் ஓ போட்டார்களாம். 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போயிற்று. ஆக, என் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறான்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். இப்படிப்பட்ட வார்த்தைகளைத் தனித்தனியாக உருப்போடுவதில்லை. ஜோடியாக எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்கிறோம். கூடவே ஓர் அடையாளம். 'ஸண்டே' என்றால் ஞாயிறு. ஞாயிறு என்றாலே சூரியன். ஸண்டேயில் இருக்கும் யூ சூரியனுக்கு. 'மதர்', 'பிரதர்' இரண்டிலும் ஓ இருக்கிறதல்லவா? அதே குடும்பத்து 'ஸன்'னுக்கும் ஓ. கேட்பதைக் குறிக்கும் 'ஹியர்' என்ற வார்த்தைக்குள் காதான 'இயர்' ஒளிந்திருக்கிறது. 'இங்கே' என்ற 'ஹியர்'ரில் அது கிடையாது. இறைச்சியான 'மீட்'டுக்குள் சாப்பிடும் 'ஈட்' இருக்கிறது. சந்திக்கும் 'மீட்'டில் இல்லை. இப்போது அவனே புதுப்புது ஜோடி தேடிக்கொண்டு ஓடிவருகிறான்.

நீங்களும் செய்து பாருங்கள், சகோதரிகளே. எங்கள் வீட்டில் இப்போது அரைப்பது மட்டும்தான், அறைவது கிடையாது!